பெரியப்பா உயிலுக்கு நகல் வாங்கிய கதை

தத்துக்குளத்தில் முட்டாள்கள் அதிகம் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். அது வீண் பழி. முட்டாள்கள் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள். தத்துக்குளத்தில் மற்றவர்கள் இல்லை, அவ்வளவே.

அந்த ஊர்க்காரர்தான் தாண்டவராயன். அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர். பெரிய தலை, அதற்கேற்ற தலைப்பாகை. தலைப்பாகைக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. தம்பிகள் பூமாலையும் சன்னாசியும் அதை அப்படியே நம்பினார்கள். தாங்களாக யோசித்தால் அண்ணனுக்கு மரியாதைக் குறைவு என்று எண்ணி, அந்தக் காரியத்தை அவர்கள் ஒருநாளும் செய்ததில்லை. அந்த வீட்டிலேயே கொஞ்சம் விவரம் தெரிந்தவள் தாண்டவராயனின் மனைவி செண்பகவல்லி. அவள் வேற்றூர்ப் பெண்.

அவர்கள் குடியிருந்த வீடும், வீட்டுக்குப் பின்னால் இருந்த மாந்தோப்பும் பெரியப்பா பிச்சைமுத்துவுடையவை. பிள்ளைகுட்டி இல்லாத மனுஷர். சாகும் முன் இந்த மூன்று பேருக்கும் என்று உயில் எழுதி வைத்தார். எத்தனையோ நல்ல காரியங்களுக்கு எழுதி வைத்திருக்கலாம். அவரும் தத்துக்குளத்துக்காரர்தானே, வேறென்ன தோன்றும்!

உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருந்த தலைமையாசிரியர் ஒருவர் பாவம் பார்த்து, அந்த உயிலை ஜில்லா கோர்ட்டில் தாக்கல் செய்தார். கோர்ட்டும் விசாரித்து, இது மெய்யான உயில்தான் என்று முத்திரை போட்டு ஒரு காகிதம் கொடுத்தது. அதற்குப் புரொபேட் என்று பேர். அதைத் தாண்டவராயன் கையில் கொடுத்து, "இதை யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை ஊரே பார்த்தது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் கூடி யோசித்தார்கள்.

"அண்ணே, யார் கண்ணிலும்னா நம்ம கண்ணும் அதுல சேர்த்திதானே?" என்றான் சன்னாசி.

தாண்டவராயன் தம்பியை மெச்சிக்கொண்டார். "சேர்த்திதான். பெரிய மனுஷர் சும்மா சொல்வாரா? வைக்கிறவன் கண்ணிலும் படக் கூடாது."

ஆகவே தாண்டவராயன் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டார். தம்பிகளும் கட்டிக்கொண்டார்கள். அவர் காகிதத்தோடு வீடு முழுக்கத் தட்டுத் தடுமாறிச் சுற்றி, எங்கேயோ செருகிவிட்டு வந்தார். துண்டை அவிழ்த்துப் பார்த்தபோது எங்கே வைத்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை. "பார்த்தீங்களாடா, எவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன்!" என்று மார்தட்டிக்கொண்டார். செண்பகவல்லி அடுக்களையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் கதையே வேறு. அவள் அன்றைக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள்.

வருஷங்கள் ஓடின. இராசப்பன் என்று ஒரு பங்காளி. பெரியப்பாவின் இன்னொரு தம்பி மகன். அவன் திடீரென்று முழித்துக்கொண்டு, பெரியப்பா உயில் எதுவும் எழுதவில்லை, வீட்டிலும் தோப்பிலும் எனக்குப் பங்கு உண்டு என்று கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டான். உயிலைக் காட்டினால் தாண்டவராயன் பிழைத்தார். காட்டாவிட்டால் வீட்டுக்கு நடுவே சுவர்.

"கோர்ட்டு அமீனா வந்து அளந்தா அடுப்பு நம்ம பக்கம் வரும், அரிசிப் பானை அவன் பக்கம் போயிடும்" என்று செண்பகவல்லி கண் கலங்கினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மெழுகிக் காத்த வீடு அது. "காகிதத்தைத் தேடுங்க. இந்தக் கூரை இல்லேன்னா நான் எங்கே போவேன்?"

தேடினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்த பொருளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடினால்தான் கிடைக்கும் என்பது தாண்டவராயனின் முடிவு. மூன்று பேரும் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இறங்கினார்கள். பானைகள் உடைந்தன. பூமாலை நெல் குதிருக்குள் விழுந்தான். சன்னாசி ஏதோ கிடைத்துவிட்டது என்று கூவிக்கொண்டு ஓடிவந்தான். அது தாண்டவராயனின் தலைப்பாகை. தலையும் அதற்குள்ளேதான் இருந்தது.

செண்பகவல்லி கடைசியில் அவர்களைப் பிடித்து வெளியே தள்ளினாள். "தேடினது போதும். டவுனுக்குப் போய் வக்கீலைப் பாருங்க. கோர்ட்டு குடுத்த காகிதம்தானே, கோர்ட்டுல இன்னொண்ணு கேட்டா குடுக்க மாட்டாங்களா?" என்றாள். அந்த வீட்டில் அந்த வருஷம் பேசப்பட்ட உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

வக்கீல் பெரிய மனிதர், தத்துக்குளத்துக்காரர்களிடம் பேச அவருக்கு நேரமில்லை. அவருடைய குமாஸ்தா வைத்திலிங்கம்தான் அகப்பட்டார். நல்ல மனிதர். முன்பிறவியில் ஏதோ செய்திருக்க வேண்டும்.

"கவலைப்படாதீங்க. புரொபேட் ஆன உயில் எல்லாம் ஜில்லா கோர்ட்டு ரிக்கார்டு ரூம்ல கட்டுக் கட்டா இருக்கும். மனுப் போட்டா நகல் குடுப்பாங்க. முத்திரை போட்ட நகல் அசலுக்குச் சமம்" என்றார் குமாஸ்தா. "எந்த ஜில்லாவுல செத்தார்ங்கிறது முக்கியம். அதை வச்சுத்தான் எந்தக் கோர்ட்டுன்னு பார்க்கணும். உங்க பெரியப்பா எங்கே செத்தார்?"

"கட்டில்லே" என்றார் தாண்டவராயன்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார். "சரி, அந்தக் கட்டில் எங்கே இருந்தது?"

"சுவரோரமா."

"எந்த ஊர்ச் சுவரய்யா?"

"எங்க ஊர்ச் சுவர்தான். வேற ஊர்ச் சுவரோரமா நாங்க எதுக்குக் கட்டில் போடப்போறோம்?"

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். "அவர் உங்க ஊர்லதான் செத்தார்ங்கிறதுக்கு ஒரு அத்தாட்சி வேணும். போய்க் கொண்டாங்க" என்றார். கிராம அதிகாரியிடம் இறப்புச் சான்று வாங்கி வரச் சொல்கிறார் என்பது யாருக்கும் விளங்கும். யாருக்கும் என்று சொன்னது தத்துக்குளத்தைச் சேர்க்காமல்.

திரும்பும் வழியெல்லாம் விவாதம்.

"சாட்சி சொல்ல ஆளைக் கூட்டிப் போவோமா?" என்றான் பூமாலை.

"ஆள் பொய் சொல்லுவான்" என்றார் தாண்டவராயன்.

"காகிதம்?"

"காகிதத்துல எவன் வேணும்னாலும் எதை வேணும்னாலும் எழுதலாம். பெரியப்பா சாகும்போது கூடவே இருந்தது எது? கடைசி வரைக்கும் அவரைத் தாங்கினது எது? அதுக்குப் பொய் சொல்லத் தெரியுமா?"

தம்பிகளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் பெரியப்பாவின் கயிற்றுக் கட்டிலைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். கண்டக்டர் கட்டிலுக்கு லக்கேஜ் சீட்டுக் கிழித்தார். தாண்டவராயன் அதையும் அத்தாட்சிக்கு அத்தாட்சியாக மடித்து வைத்துக்கொண்டார்.

கோர்ட்டு வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வழிமறித்தார். "யாருக்கய்யா உடம்பு சரியில்லை? ஆஸ்பத்திரி எதிர்ப்பக்கம்."

"உடம்பு சரியில்லாம இருந்தது அப்போ. இப்போ அவர் செத்துட்டார்" என்றார் தாண்டவராயன்.

போலீஸ்காரர் பயந்து வழிவிட்டார். குமாஸ்தா வைத்திலிங்கம் தூரத்திலிருந்தே கட்டிலைப் பார்த்துவிட்டு, கோர்ட்டு வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டார்.  அப்புறம் அவரே தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தத்துக்குளத்துக்குப் போய், கிராம அதிகாரியைப் பிடித்து, இறப்புச் சான்று வாங்கிக்கொண்டு வந்து, அவரே மனு எழுதி, அவரே தாக்கல் செய்தார். இவர்கள் மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

"இதோ பாருங்க, மனுப் போட்டாச்சு" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல. "அதோ அந்த நோட்டீஸ் போர்டு தெரியுதா? இனிமே உங்க வேலை அதைப் பார்த்துக்கிட்டே இருக்கிறதுதான். மத்ததை நான் கவனிச்சுக்கறேன்."

இந்த வேலை தாண்டவராயனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தன் தகுதிக்கு ஏற்ற பொறுப்பு ஒன்றை முதல் முறையாக ஒருவர் ஒப்படைத்திருக்கிறார் என்று பூரித்துப்போனார். போர்டுக்கு எதிரே கட்டிலைப் போட்டு மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

சற்று நேரத்தில் சன்னாசிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணே, பார்த்துக்கிட்டே இருக்கணும்னார். நாம கண்ணைச் சிமிட்டுறோமே. அந்த நேரத்துல யார் பார்க்கிறது?"

தாண்டவராயனுக்குத் திக்கென்றது. "நல்ல வேளை சொன்னே! ஒருத்தன் சிமிட்டும்போது இன்னொருத்தன் முழிச்சிருக்கணும். நான் சொல்றப்ப சிமிட்டுங்க. பூமாலை, இப்ப நீ. சன்னாசி, பொறு. ம், இப்ப நீ."

அன்று முதல் காலையில் வருவதும், கோர்ட்டு கலையும்வரை முறை வைத்துக் கண் சிமிட்டுவதும், கண்ணீர் வழிய வீடு திரும்புவதுமாக இருந்தார்கள். அழுது அழுது நியாயம் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று வருகிறவர் போகிறவரெல்லாம் பரிதாபப்பட்டார்கள்.

ஒருநாள் கோர்ட்டுப் பியூன் ஒருவர் போர்டில் புதிதாக ஒரு காகிதம் ஒட்ட வந்தார். இன்னின்ன மனுக்காரர்கள் நகல் எழுதுவதற்கு இத்தனை நாளுக்குள் ஸ்டாம்பு பேப்பர் கட்ட வேண்டும், தவறினால் மனு தள்ளப்படும் என்று அதில் எழுதியிருந்தது. தாண்டவராயன் பேர் அதில் முதலாவதாக இருந்தது. பியூன், "கொஞ்சம் இந்தப் பசைச் சட்டியைப் பிடி" என்றார். சன்னாசி பிடித்துக்கொண்டான், கண்ணைப் போர்டிலிருந்து எடுக்காமலேயே. பசை அவன் மடியில் கொட்டியது. அப்போதும் அவன் அசையவில்லை. கடமை என்றால் அப்படி.

கெடு முடிந்தது. செண்பகவல்லி சோற்று மூட்டையோடு வந்தபோது, பியூன் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, மனு தள்ளுபடி என்று வேறொன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். குமாஸ்தாவும் அப்போதுதான் அதைக் கவனித்து ஓடிவந்தார்.

"போர்டைப் பார்க்கச் சொன்னேனே!" என்று அலறினார்.

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஒரு நொடி விடலை. வேணும்னா இந்த அம்மாவைக் கேளுங்க" என்றார் தாண்டவராயன், மனைவியைக் காட்டி.

"உங்க பேரு ஒட்டியிருந்ததே, படிக்கலையா? படிக்கத் தெரியாதா உமக்கு?"

"நல்லாத் தெரியும். படிக்கச் சொல்லலையே நீங்க."

செண்பகவல்லி சோற்று மூட்டையைக் கட்டிலின்மேல் பொத்தென்று வைத்தாள். "ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றாள் குமாஸ்தாவிடம். "இதுங்களை நம்பாதீங்க. வர்ற திங்கக்கிழமை வாய்தா. அன்னைக்கு அந்த உயில் ஜட்ஜு கையில இருக்கணும். எப்படியாவது செய்யுங்க. எனக்குன்னு இருக்கிறது அந்த வீடு ஒண்ணுதான்."  குமாஸ்தாவுக்கு மனம் இளகிவிட்டது. இல்லாவிட்டால் அவர் அன்றைக்கே வேலையை விட்டிருப்பார்.

அவசர மனு ஒன்று போட்டார். ஆனால் ரிக்கார்டு ரூமில் ஒரு சிக்கல். வழக்கு நம்பர் தெரியவில்லை, பழைய கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை குமாஸ்தாவுக்கு மத்தியானம்வரை வேறொரு வழக்கு. போகிற அவசரத்தில் தாண்டவராயனிடம், "ரிக்கார்டு ரூமுக்குப் போய் உங்க பெரியப்பா பேரைச் சொல்லித் தேடுங்க. நான் பின்னாடியே வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். செண்பகவல்லி அவ்வளவு சொல்லியும் அவர் இப்படிச் செய்தார். படித்தவர்களுக்கும் அவ்வப்போது தத்துக்குளத்துக் காற்று அடிக்கத்தான் செய்கிறது.

ரிக்கார்டு ரூம் பூட்டியிருந்தது. சாப்பாட்டு நேரம். மூவரும் வராந்தாவில் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"பேரைச் சொல்லித் தேடறதுன்னா எப்படிண்ணே?" என்றான் பூமாலை.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கோர்ட்டு ஹால் வாசலில் டவாலிச் சேவகன் வெளியே வந்து நின்று, ஏதோ ஒரு கட்சிக்காரர் பேரை மூன்று முறை நீட்டி முழக்கிக் கூப்பிட்டான். எங்கிருந்தோ ஒரு ஆள் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தான். டவாலி அடுத்த பேரைக் கூப்பிட்டான். அடுத்த ஆள் ஓடிவந்தான்.

தாண்டவராயன் முகம் மலர்ந்தது. "பார்த்துக்கடா. கோர்ட்டுல தேடுற முறை இதுதான்" என்று சொல்லி, தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"பிச்சைமுத்து! பிச்சைமுத்து! பிச்சைமுத்து!"

"இருக்கேன் சாமி" என்று ஒரு குரல் கேட்டது.

வராந்தாக் கோடியில் படுத்திருந்த ஒரு கிழவர் எழுந்து வந்து கும்பிட்டு நின்றார். அவர் அந்த வராந்தாவிலேயே வெகுகாலமாகக் காலம் தள்ளுகிறவர். எந்தப் பேரைக் கூப்பிட்டாலும் எழுந்து போய் நிற்பது அவர் பிழைப்பு. சாட்சிக்கு ஆள் குறைகிற இடத்தில் அவரை நிறுத்துவார்கள். ஒருநாள் அவர் பக்கத்து வயல்காரர், மறுநாள் பத்திரத்துக்குச் சாட்சி, அதற்கு மறுநாள் சம்பந்தி. கூலி ஒரு வேளைச் சாப்பாடு. இப்படியே இருந்து இருந்து சொந்தப் பேர் என்ன என்பது அவருக்கே நிச்சயமில்லாமல் போயிருந்தது.

மூன்று பேரும் கிழவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். முதலில் பூமாலைதான் கேட்டான்.

"அண்ணே, நம்ம பெரியப்பாவை நாமதானே தூக்கிட்டுப் போய் எரிச்சோம்?"

"எரிச்சோம். ஆனா எரிஞ்சு முடிஞ்சுதான்னு இருந்து பார்த்தோமா? மழை வருதுன்னு வந்துட்டோம்" என்றார் தாண்டவராயன்.

"பெரியப்பாவுக்குக் கன்னத்துல மச்சம் இருக்குமே. இவருக்கு இல்லையே."

"ஏண்டா, அவ்வளவு நெருப்புல மச்சம் மட்டும் மிச்சம் இருக்குமா?"

"பெரியப்பா நல்ல உசரம். இவர் குட்டையா இருக்காரே" என்றான் சன்னாசி.

"வயசானா மனுஷன் குறுகிப் போறது இல்லையா? அவர் செத்தே எவ்வளவு வருஷம் ஆச்சு!"

இதற்கு மேல் தம்பிகளுக்குச் சந்தேகம் எழவில்லை. இருந்தாலும் தாண்டவராயன் விவரமானவர் அல்லவா, ஒரு பரீட்சை வைத்தார். "நாங்க யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

கிழவர் தொழிலில் பழுத்தவர். "பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவன்கிட்டே கேக்கிற கேள்வியாடா இது? முதல்ல சாப்பாடு வாங்கிக் குடுங்க" என்றார்.

"பெரியப்பாவேதான்!" என்று மூவரும் ஓவென்று அழுதார்கள். பெரியப்பாவும் எப்போதும் சாப்பாட்டைத்தான் முதலில் கேட்பார். பிரியாணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, செத்ததிலிருந்து பட்டினி போலிருக்கிறது என்று சன்னாசி நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"செத்துப் போனீங்களே பெரியப்பா, எப்படித் திரும்பி வந்தீங்க?" என்று தாண்டவராயன் மெதுவாகக் கேட்டார்.

கிழவர் எலும்பைக் கடித்தபடி, "அங்கே ஒத்துக்கலை" என்றார். அவருக்கு இது சாதாரணச் சாட்சி. என்ன வழக்கு என்று அவர் எப்போதும் கேட்பதில்லை, அது வக்கீல் பாடு. செண்பகவல்லிக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, வாய்தா நாள்வரை அவரை வராந்தாவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மூவரும் ஊர் திரும்பினார்கள்.

மத்தியானத்துக்கு மேல் குமாஸ்தா வைத்திலிங்கம் ரிக்கார்டு ரூமுக்குப் போனார். இவர்களைக் காணவில்லை. நிம்மதியாகத் தேடினார். தூசியில் தும்மித் தும்மிக் கட்டுகளைப் பிரித்து, பிச்சைமுத்துவின் உயிலைக் கண்டுபிடித்தார். சனிக்கிழமை நகல் எழுத்தர் வீட்டு வாசல்வரை நடந்து கெஞ்சினார். திங்கட்கிழமை காலை கோர்ட்டு கூடுவதற்குள் முத்திரை போட்ட நகல் அவர் கையில் இருந்தது. அந்த வழக்கில் வெற்றி நிச்சயம். எதிர்க்கட்சி வக்கீலே நகலைப் பார்த்துவிட்டு, தன் வழக்குக் கட்டை மூடி வைத்துவிட்டார்.

ஜட்ஜு புதிதாக மாற்றலாகி வந்தவர். நகலை வாங்கிப் படித்தார். "உயில் தெளிவாக இருக்கிறது. கோர்ட்டே மெய்ப்பித்திருக்கிறது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். எல்லா ஜட்ஜுகளும் அப்படித்தான் கேட்பது வழக்கம். யாரும் எதுவும் சொல்வதில்லை.

தாண்டவராயன் எழுந்து நின்றார்.

குமாஸ்தா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். தாண்டவராயன் விடுவித்துக்கொண்டார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவர் வழக்கமில்லை. "சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு எசமான். இந்த உயில் செல்லாது. எழுதினவர் உயிரோட இருக்கார்" என்றார்.

 தாண்டவராயனின் வக்கீல் நாற்காலியில் அப்படியே சரிந்தார். தாண்டவராயன் கையைக் காட்ட, தம்பிகள் இருவரும் கிழவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். புது வேட்டி, புதுத் துண்டு, நெற்றி நிறைய விபூதி.

"இவர் இறந்துபோனதாகச் சான்று இருக்கிறதே!" என்றார் ஜட்ஜு.

"காகிதம் அப்படித்தான் சொல்லும் எசமான். அது இவரை நேர்ல பார்க்கலை."

ஜட்ஜு கிழவரைப் பார்த்து, "நீர்தான் பிச்சைமுத்துவா? சொத்து விஷயம். யோசித்துச் சொல்லும்" என்றார்.

சொத்து என்றதும் கிழவர் இரண்டடி பின்வாங்கினார். இது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேற்பட்ட விவகாரம், ஜெயில்வரை போகும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "இல்லீங்க சாமி" என்று கும்பிட்டார். "இவங்க கூப்பிட்டாங்க, வந்தேன். எனக்கும் இவங்களுக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என்னை விட்டுடுங்க." அவர் வாழ்நாளில் கோர்ட்டில் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"அவரே இல்லை என்கிறாரே!" என்றார் ஜட்ஜு.

தாண்டவராயன் சிரித்தார். "அவர் பேச்சை நம்பாதீங்க எசமான். சாகக் கிடந்தப்பவும் இப்படித்தான், எனக்கு ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்தார்."

ஜட்ஜு எதிர்க்கட்சி இராசப்பனை நோக்கித் திரும்பினார். இந்தக் கூத்துக்கு அவனாவது முற்றுப்புள்ளி வைப்பான் என்று நினைத்தார். இராசப்பனும் தத்துக்குளத்துக்காரன் என்பது அவருக்குத் தெரியாது.

இராசப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டான். பெரியப்பா செத்திருந்தால் உயில் செல்லும், தனக்கு நாமம்தான். உயிரோடு இருந்தால்? கையைக் காலைப் பிடித்துப் புதிதாக எழுதி வாங்கிக்கொள்ளலாமே! அவன் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து கிழவர் காலில் விழுந்தான். "பெரியப்பா! இத்தனை நாள் எங்கே போயிருந்தீங்க!" என்று கதறினான். அவனுடைய வக்கீல் கோட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"ரெண்டு தரப்பும் ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று ஜட்ஜு கேட்டார்.

"ஒப்புக்கொள்கிறோம்!" என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். தத்துக்குளத்துக்காரர்கள் ஒன்றுபட்டு நின்றது ஊர் வரலாற்றிலேயே அன்றைக்குத்தான்.

ஜட்ஜுக்குத் தலையை வலித்தது. அடுத்த வழக்குகள் காத்துக்கிடந்தன. "உயிரோடு இருப்பவர் சொத்துக்கு வாரிசு ஏது? வீடும் தோப்பும் அவருடையவை. வழக்குத் தள்ளுபடி" என்று எழுதிவிட்டு எழுந்து போய்விட்டார். குமாஸ்தா வைத்திலிங்கம் தன் கையிலிருந்த பையைத் தாண்டவராயன் தலையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

தாண்டவராயன் ஊருக்குள் மேளம் வைத்து நுழைந்தார். "ஜெயிச்சாச்சு! இராசப்பனுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது!" என்று வாசலில் நின்று அறிவித்தார்.

செண்பகவல்லி ஆரத்தித் தட்டோடு வந்தவள், கிழவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இது யாரு?"

"பெரியப்பா."

"பெரிய மாமாவுக்குக் கடைசிக் காலத்துல கஞ்சி ஊத்தினவ நான். எனக்குத் தெரியாதா அவரை? எந்தத் தெருவுல பொறுக்கிட்டு வந்தீங்க இதை?"

"கோர்ட்டே சொல்லியாச்சு. நீ கோர்ட்டை விடப் பெரியவளா?" என்றார் தாண்டவராயன். "பெரியப்பா வீட்டுல பெரியப்பா இருப்பார். நாம மாட்டுக் கொட்டகையில இருந்துக்குவோம். அவருக்கப்புறம் எல்லாம் நமக்குத்தானே?"

செண்பகவல்லி ஆரத்தித் தண்ணீரை அவர் முகத்திலேயே ஊற்றினாள்.  உள்ளே போய்த் தன் சீதனப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, பிறந்த ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவளுக்காக வருத்தப்படலாம். அந்த ஊரில் வேறு யாருக்காகவும் வருத்தப்பட ஒன்றுமில்லை.

கிழவர் ஒரு வாரம்வரை போலீஸ் வரும் என்று பயந்துகொண்டே இருந்தார். வரவில்லை. அதற்குப்பின் ஊஞ்சல் பழகிவிட்டது. மாம்பழக் காலமும் வந்தது. அவர் வராந்தாத் தோழர்கள் ஒவ்வொருவராக வந்து கூடத்தில் தங்கிக்கொண்டார்கள். மூன்று அண்ணன் தம்பிகளும் மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்து எல்லாருக்கும் பரிமாறினார்கள். இராசப்பன் தினமும் கால் பிடித்துவிட்டான்.

பெரியப்பாவின் திதி வந்தது. உயிரோடு இருக்கிறவருக்குத் திதி கொடுக்கலாமா என்று பெரிய விவாதம். வருஷா வருஷம் செய்வதை நிறுத்தக் கூடாது என்று முடிவாயிற்று. எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். வடை பாயசத்தோடு சமைத்து, தலைவாழை இலை போட்டு, கிழவரையே அதன் முன்னால் உட்கார்த்தி வைத்தார்கள். அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

அப்போது கொல்லைச் சுவரில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, இலையைப் பார்த்துக் கத்தியது. சன்னாசிக்கு மனம் கேட்கவில்லை. வழக்கம்போல ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு அதை நோக்கிப் போனான்.

தாண்டவராயன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். அவருக்கு வந்த கோபத்தில் தலைப்பாகையே அவிழ்ந்துவிட்டது.

"அறிவு இருக்காடா உனக்கு? யாரு எவருன்னு விசாரிக்காம கண்டதுக்கெல்லாம் சோறு போடாதே. நாளைக்கு இதுவும் நான்தான் பெரியப்பான்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்து உட்காரும்!"